வெட்டும் வேகம், விடும் வேகம்

வேலை முடிந்து வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, டிரைவர் சீட்டை வரும்போது இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். என் பட்டறையில் நான் விடாமல் காப்பாற்றிய ஒரே ஒழுக்கம் இதுதான். ஒயர் பிரிக்கிறோம். அதற்காக ஆறடி உடம்பை உள்ளே திணிக்கிறோம், சீட்டைப் பின்னால் தள்ளுகிறோம், கண்ணாடியைத் திருப்புகிறோம். முடிந்ததும் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும். ஓட்டப்போகிறவர் ஏறி உட்கார்ந்தால் தன் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்க வேண்டும், இன்னொருவன் போட்டுக் கழற்றிய சட்டை மாதிரி இருக்கக் கூடாது.

இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டது இதை இல்லை என்று தெரியும். எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பி என்றீர்கள். எனக்குப் பெருமையான இடத்திலிருந்து ஆரம்பித்துக்கொண்டேன். இனிமேல் அப்படி இடம் அதிகம் வராது.

பெயர் சாமுவேல். வயது நாற்பத்து மூன்று. பொள்ளாச்சி ரோட்டில் சுந்தராபுரத்தில் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். உயரத்துக்கு ஏற்ற சதையை ஆண்டவர் கொடுக்க மறந்துவிட்டார். பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிற மாசாணம், கார் ரேடியோவுக்கு வைக்கிற நெட்டைக் கம்பி மாதிரி இருக்கிறேன் என்று, என்னை ஏரியல் என்றுதான் கூப்பிடுவான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் என்னை "யோவ், இங்க வா" என்று கூப்பிட்டீர்கள். நொறுங்கிய காரின் டேஷ்போர்டுக்கு அடியில் அந்தப் பெட்டியைக் கண்டெடுத்த நாளிலிருந்து "உக்காருங்க சாமுவேல், டீ சாப்பிடுங்க" என்கிறீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யாராவது எனக்கு 'ங்க' போட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. இந்தக் காரியமே ஒரு 'ங்க'வில்தான் ஆரம்பித்தது.

கிணத்துக்கடவுக்கு முன்னால் லாரியின் பின்பக்கத்துக்கு அடியில் போன அந்தக் காரில் இரண்டு பேர் இருந்தார்கள். செத்தவர் மதன்குமார், சிட்கோவில் பம்பு ஃபவுண்டரி முதலாளி, வயது இருபத்தொன்பது. பிழைத்தவள் என் தங்கை அன்புச்செல்வி, அவருடைய ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்தவள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது அவள்தான். கல்யாணம் பண்ணிக்கொள்ள அவர் மறுத்தார் என்றும், அந்தக் கோபத்தில் அவளே பெட்டியை மாட்டச் செய்து அவரைத் தீர்த்துவிட்டாள் என்றும் அவர் சொந்தக்காரர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் அதை நம்ப ஆரம்பித்துவிட்டீர்கள். நேற்று அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் போலீசை உட்கார வைத்ததைப் பார்த்தேன்.

அவளுக்கும் பெட்டிக்கும் சம்பந்தம் இல்லை. பெட்டி என்னுடையது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் நான் என்ன செய்தேன் என்பது புரியும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அந்தக் கார் புது எம்.பி.எஃப்.ஐ. வண்டி. கார்புரேட்டர் கிடையாது. எவ்வளவு பெட்ரோலை எப்போது தெளிப்பது என்று சோப்பு டப்பா அளவு கம்ப்யூட்டர் ஒன்று முடிவு செய்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம் சுற்றைத் தாண்டினால் அது பெட்ரோலை நிறுத்திவிடும், சுற்று இறங்கினால் மறுபடி கொடுக்கும். கம்பெனியே வைத்து அனுப்புகிற கட்டுப்பாடு இது. எஞ்சின் உடையாமல் இருப்பதற்காக வைத்தது. நின்ற இடத்தில் நியூட்ரலில் மிதித்தாலும் தடுக்கும். ஆனால் டாப் கியரில் நூற்றிருபதில் பறந்தால் கண்டுகொள்ளாது, எஞ்சின் தாங்குகிற சுற்றுதான் அது. ஓட்டுகிறவன் தாங்குவானா என்று கேட்க அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அதைக் கேட்கத்தான் மதன்குமாரின் அம்மா லட்சுமியம்மாள் போன மார்ச் மாதம் என் பட்டறைக்கு வந்தார். அவர்களுடைய தென்னந்தோப்பில்தான் என் அப்பாவும் அம்மாவும் சாகும்வரை வேலை செய்தார்கள்.

"சாமுவேலு, அவன் ஓட்டற ஓட்டுக்கு எனக்குச் சோறு எறங்கறதில்ல கண்ணு. எம்பதுக்கு மேல போகாத மாதிரி ஏதாச்சும் பண்ணிக் குடு."

"சின்னவருகிட்டயே ஒரு வார்த்த சொல்லிப் பாக்கலாமுங்களே."

"சொன்னா மனசு நோகும். அவனுக்குத் தெரிய வேண்டாம். நீ பாட்டுக்குப் பண்ணிப்போடு."

எங்கள் பக்கம் இப்படித்தான் ஐயா. ஒரு ஆளைச் சாகக் கொடுத்தாலும் கொடுப்போம், மனசு நோகக் கொடுக்க மாட்டோம்.

பெட்டி செய்தேன். கியர்பாக்ஸில் ஒரு சென்சார் இருக்கிறது. சக்கரம் சுற்றச் சுற்ற நாடி மாதிரி துடிப்பு அனுப்பும். ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு என்று என் பெட்டி எண்ணும். எண்பதுக்கு உரிய துடிப்பு வந்துவிட்டால், பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டருக்குப் போகிற கரண்டை இமை கொட்டுவது போல விட்டுவிட்டு நிறுத்தும். வண்டி லேசாகத் தும்மும், அவ்வளவுதான். எழுபத்தெட்டுக்கு இறங்கியதும் மறுபடி முழுதாகக் கொடுத்துவிடும். நிறுத்துகிற வேகத்துக்கு வெட்டு என்றும், திருப்பிக் கொடுக்கிற வேகத்துக்கு விடு என்றும் பெயர் வைத்திருந்தேன். இரண்டுக்கும் இரண்டு சின்னத் திருகுகள், வாட்ச் ரிப்பேர்காரர் ஸ்குரூடிரைவரால் திருப்ப வேண்டும். வெட்டுக்கும் விடுவுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி வைக்கிறான் என்பதில் பெட்டி செய்கிறவனின் குணம் தெரிந்துவிடும். நான் இரண்டு கிலோமீட்டர் வைத்திருந்தேன். அப்போது எனக்கு நல்ல குணம்.

ஒழுங்கான பெட்டி என்றால், வெட்டுவதற்கு முன்னால் எச்சரிக்கிற விளக்கும் பஸ்ஸரும் இருக்க வேண்டும். வைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும், மனசு நோகும். வைக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பழைய மில் சாமான் கடையில் கிடைத்த ஒரு கவுண்டரை உள்ளே பொருத்தினேன். ஸ்பின்னிங் மில்லில் ஓடின நூலை எண்ணுவார்களே, அந்தக் கருவிதான். பெட்டி ஒவ்வொரு முறை வெட்டும்போதும் அது ஒரு எண் நகரும். மாசாணம் பார்த்துவிட்டு, "வெளியில ஓட்டறதும் கவுண்டரு, உள்ள உக்காந்து எண்றதும் கவுண்டரு. நமக்கு என்னைக்கும் குனியற வேலைதான்டா ஏரியல்" என்றான்.

திங்கட்கிழமை தோறும் கார் என் பட்டறைக்கு அடுத்த வாட்டர் வாஷுக்கு வரும். நான் குனிந்து கவுண்டரைப் பார்ப்பேன். லட்சுமியம்மாள் போன் செய்வார். "இந்த வாரம் எத்தன கண்ணு?" முதல் வாரம் அறுபத்தொன்று. அடுத்த வாரம் ஐம்பத்தெட்டு. அந்தக் காரில் மட்டும் நான் சீட்டைத் தொட வேண்டியிருக்கவில்லை. மதன்குமாருக்கும் எனக்கும் ஒரே அளவு கால். "உனக்கும் எனக்கும் ஒரே டெய்லர்தான் சாமுவேலு" என்று அவரே ஒரு முறை சொன்னார். கவனியுங்கள், உனக்கும். இடையில் ஒரு நாள் வந்து, "எம்பதுல வண்டி தும்முது, பாரு" என்றார். புது வண்டி, ஓட ஓடச் சரியாகும் என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டுப் போய்விட்டார். மறுபடி அதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தச் சிரிப்பையும் நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஜூன் மாதத்திலிருந்து எண் விழ ஆரம்பித்தது. இருபது. ஒன்பது. இரண்டு. மீட்டரில் கிலோமீட்டர் ஏறியிருக்கும், கவுண்டர் நகர்ந்திருக்காது. "பையன் திருந்திட்டான், ஆண்டவன் புண்ணியம்" என்றார் லட்சுமியம்மாள். ஆண்டவன் மேல் எனக்கும் நம்பிக்கை உண்டு, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனால் இருபத்தொன்பது வயதில் ஒரு ஆண் தானாகத் திருந்த மாட்டான். அவன் திருந்தியதற்கான காரணம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும்.

அப்போதுதான் அந்த 'ங்க' வந்தது. ஒரு திங்கட்கிழமை காரிலிருந்து இறங்கி, "ஏனுங்கண்ணா, சாப்பிட்டீங்களா?" என்றார்.

எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் என் காம்பவுண்டுச் சுவர்தான் நின்றது. அவர் போன பிறகு மாசாணம் டயரை உருட்டிக்கொண்டு வந்தான்.

"என்னடா, 'சாமுவேலு' போயி 'ஏனுங்கண்ணா' ஆயிப்போச்சு."

"தேர்தல் வருதல்ல."

"அவரு நிக்கலியே. நம்மளுக்கு 'ங்க' போடறாங்கன்னா ஒண்ணு ஓட்டு வேணும், இல்லாட்டிப் பொண்ணு வேணும். உன்றகிட்ட இருக்கறது ஒரு ஓட்டுதான்."

சொல்லிவிட்டு அவன் பஞ்சர் ஒட்டப் போய்விட்டான். நான் அன்று பூராவும் ஒரே ஹாரனைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

அன்புவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. நான்தான் வளர்த்தேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. என் அழகுக்குப் பயந்து பெண்கள் விலகிப்போனார்கள் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். வருகிறவள் இவளை ஒரு சொல் சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான் நிஜமான காரணம். நாலடி பத்து அங்குலம் இருப்பாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கார் ஓட்டச் சொல்லித்தரச் சொன்னாள். "நீ உக்காந்து ஓட்டுனா, ஆளே இல்லாம வண்டி வருதுன்னு ஊரு சனம் ஓடிப்போயிரும் அம்மணி" என்றேன். ரொம்பச் சிரித்தாள். பிறகு என்னிடம் கேட்கவில்லை.

இந்த ஜூலையில் சனிக்கிழமைகளில் இருட்டுவதற்குச் சற்று முன்புதான் வீட்டுக்கு வந்தாள். ஆபீசில் வேலை என்றாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அண்ணா, மேட்டுல நிறுத்தி எடுக்கறப்ப வண்டி பின்னால போகாம எப்படி எடுக்கறது?" என்று கேட்டாள். கிளட்சைப் பாதி விட்டு, எஞ்சின் சத்தம் மாறியதும் ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும் என்றேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவளுக்கு மனசு நோகும். உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கும்தான்.

நான் கேட்காமல் பார்க்க ஆரம்பித்தேன். கவுண்டரைப் பார்த்தேன், அவள் செருப்பில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்தேன். அந்த மண் ஆபீசில் கிடையாது, தோப்புக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. மதன்குமார் 'ங்க' போடும்போதெல்லாம் அவர் உதட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தடுக்கிக்கொண்டுதான் வந்தது. மனதில் இல்லாததைச் சொல்கிறவன் அப்படித்தான் தடுக்குவான் என்று முடிவு செய்தேன். எங்கள் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட வீடு. அந்த வீட்டிலிருந்து ஒருவர் என்னை அண்ணா என்றால், என்னிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போகிறார் என்றுதானே அர்த்தம்.

செப்டம்பரில் ஒரு வாரம் அவர் வெளியூர் போயிருந்தார். திங்கட்கிழமை வர வேண்டிய வண்டி சனிக்கிழமை மத்தியானம் வந்தது. அவர் மட்டும்தான் இருந்தார். இறங்கும்போது முட்டி ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டது, தேய்த்துக்கொண்டே சிரித்தார்.

"கழுவச் சொல்லி வெய்யுங்ணா, ஒரு மணி நேரத்துல வந்தர்றேன். கிணத்துக்கடவு வரைக்கும் போகோணும். நாளைக்கு ஊட்டுக்கு வாரேனுங்க, உங்ககிட்ட ஒண்ணு பேசோணும்."

வாங்க என்றேன். அவர் ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போனார்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் செய்ததைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். வெட்டுத் திருகை எண்பதிலிருந்து ஐம்பதுக்குக் கொண்டுவந்தேன். விடு திருகை எழுபத்தெட்டிலிருந்து முப்பதுக்கு இறக்கினேன். இமை கொட்டுகிற சர்க்யூட்டுக்குப் போகிற ஒயரைக் கத்தரித்தேன். இனி அது இமை கொட்டாது, கண்ணை மூடிக்கொள்ளும். ஐம்பதைத் தொட்டதும் எஞ்சினுக்கு ஒரு சொட்டு பெட்ரோல் போகாது. முப்பதுக்குக் கீழே இறங்கும்வரை எவ்வளவு மிதித்தாலும் கிடைக்காது. மூன்று வேலைக்கும் பத்து நிமிடம் ஆகவில்லை. நல்ல வேலைக்காரன் என்று மாசாணமே சொல்வான்.

எதற்கு என்றால், அவர் அசிங்கப்பட வேண்டும் என்பதற்குத்தான். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடுரோட்டில் வண்டி நிற்கும், பின்னால் வருகிறவன் திட்டுவான், 'ங்க' இல்லாமல் திட்டுவான். அது எப்படி இருக்கும் என்று அவரும் ஒரு நாள் தெரிந்துகொள்ளட்டும். பொள்ளாச்சி ரோட்டில் லாரியை முந்தும்போது வண்டி இழுக்காமல் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். இருபது வருடமாக அந்த ரோட்டில் அடிபட்ட வண்டிகளுக்கு லைட் மாட்டிக்கொடுக்கிறேன் ஐயா. தெரியும்.

அன்று மூன்றே முக்காலுக்கு நடந்ததை நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். முன்னால் தேங்காய் நார் லாரி நாற்பதில் போகிறது. கார் வலது பக்கம் ஏறுகிறது. லாரிக்குச் சமமாக வரும்போது ஐம்பது. எஞ்சின் அடங்குகிறது. எதிரில் பஸ் லைட்டைப் போட்டுக்கொண்டு வருகிறது. முந்த முடியவில்லை. கார் வேகம் குறைந்து பின்தங்குகிறது, ஓட்டுகிறவள் பதறி இடது பக்கம் ஒடிக்கிறாள். லாரியின் பின்மூலையில் காரின் இடது பாதி போய்விட்டது. இடது பாதியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அன்பு கண் திறந்தாள். தலை முழுக்கக் கட்டு. முதலில் அவரைக் கேட்டாள். நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன், அதிலிருந்தே தெரிந்துகொண்டாள்.

"எம்பதுலதானுங்ணா தும்மும். அது அவங்கம்மா வெக்கச் சொன்ன பெட்டின்னு அவருக்கு முதல்லயே தெரியும். கேட்டா அம்மாவுக்கும் உங்களுக்கும் மனசு நோகும்னு உட்டுட்டாரு. 'இது இருக்கறவரைக்கும் நீ பயப்படாம ஓட்டலாம்'னு சொல்லித்தான் எனக்குப் பழக்குனாரு. அன்னைக்கு அம்பதுலயே நின்னுபோச்சுங்ணா. நாந்தான் என்னமோ தப்பா மிதிச்சுப்போட்டேன்."

நீ தப்பாக மிதிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. கையைத் தடவிக்கொடுத்தேன்.

"உங்களுக்கு 'ங்க' போட்டுப் பேசறதுக்கு அவருக்கு வாயே வராதுங்ணா. சின்ன வயசுலருந்து சாமுவேலுன்னே கூப்பிட்டுட்டாராமா. கார்ல போறப்பெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகுவாரு. ஞாயித்துக்கெழம பொண்ணு கேட்டு வரோணும், அதுக்குள்ள சரியா வரோணும்னு."

ஆகவே கவுண்டர் நகராமல் இருந்ததற்குக் காரணம் பக்கத்து சீட்டில் உட்காரவில்லை. அது ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து இருபத்தைந்தில் ஓட்டிக்கொண்டிருந்தது. மற்ற நாளில் அவரும் வேகமாகப் போகவில்லை. அவளிடம் அப்படி வாக்குக் கொடுத்திருந்தாராம்.

லட்சுமியம்மாள் பெட்டியைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்று உங்களிடம் சொன்னாராம். அவரை விட்டுவிடுங்கள். எண்பது அவர் கேட்டது, ஐம்பது நான் வைத்தது. அவருக்கு மனசு நோகும்.

நீங்கள் மூன்று முறை ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள், வண்டியை ஓட்டப்போவது அன்பு என்று எனக்குத் தெரியுமா என்று. மூன்று முறையும் தெரியாது என்றேன். அவர் தனியாகத்தான் வந்தார், தனியாகத்தான் போனார், என் கண்ணால் பார்த்தேன் என்றேன். நீங்களும் தலையாட்டினீர்கள். ஏட்டையாவும் எழுதிக்கொண்டார்.

இப்போது அவர் படித்துக் காட்டியதைக் கேட்டேன். கையெழுத்து மாதிரியே வாசிப்பும் நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் திருத்த வேண்டும். 'வேலை முடிந்ததும் வண்டியை இருந்தபடியே ஒப்படைத்தேன்' என்று எழுதியிருக்கிறார். அது உண்மை. எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்று நான் காருக்குள் ஏறியபோது என் முட்டியும் ஸ்டியரிங்கில் இடித்தது. அந்தக் காரில் அதற்கு முன்னால் ஒரு நாளும் இடித்ததில்லை. சீட் அதன் தடத்தில் நாலு பல் முன்னால் வந்திருந்தது, உள்கண்ணாடி கீழே சாய்ந்திருந்தது. பஸ் ஸ்டாப் முக்கு என் பட்டறையிலிருந்து நூறடிதான். அதுவரை யார் ஓட்டிவந்து, நான் பார்த்துவிடக் கூடாது என்று இறங்கிக்கொண்டார்கள் என்று கண்டுபிடிக்க எனக்குக் கவுண்டர் தேவைப்படவில்லை. சீட்டைப் பின்னால் தள்ளினேன். திருகுகளைத் திருப்பினேன், ஒயரைக் கத்தரித்தேன். பிறகு எண்ணி நாலு பல் முன்னால் இழுத்துவைத்தேன். கண்ணாடியையும் நாலடி பத்து அங்குலத்துக்குச் சாய்த்துவைத்தேன். மதன்குமார் வந்து முட்டியை மடக்கிக்கொண்டு ஏறினார், அவரும் சீட்டைத் தள்ளவில்லை, நூறடிக்காக எதற்கு என்று நினைத்திருப்பார். "வாரேனுங்கண்ணா" என்றார். அந்த ஒரு முறைதான் தடுக்காமல் வந்தது.

தொழிலில் ஒரு மரியாதை இருக்கிறது ஐயா. ஓட்டப்போகிறவளுக்குக் கால் எட்ட வேண்டும் அல்லவா.